முன்னால் போகிறவன் தாயத்து

மார்ச் 12, 1944

இந்த மலையடிவாரத்தில் எதுவும் காய்வதில்லை. முந்தாநாள் துவைத்த பனியனை இன்று பிழிந்தாலும் தண்ணீர் சொட்டுகிறது. டைரியின் அட்டைகூட ஊதிப்போய்விட்டது. குடியாத்தம் முனிசிபாலிட்டியில் வரி ரசீது எழுதிய கை. பட்டாளத்துக்கு வந்ததால் எழுத்து கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் இதை எழுதி வருகிறேன். மற்றபடி ஹவில்தார் கிளார்க் தெய்வசிகாமணியின் நாட்குறிப்பைப் படிக்க யார் காத்திருக்கிறார்கள்?

எங்கள் கொட்டகைக்குச் சிப்பாய்கள் வைத்திருக்கும் பெயர் 'பொணக் கொட்டா'. சண்டையில் செத்தவனுடைய சாமான்கள் மணல்மூட்டைச் சாக்கில் இங்கே வந்து சேரும். பூட்ஸ், கம்பளி, கத்தி எல்லாம் சர்க்காருக்குத் திரும்பும். சீப்பு, மோதிரம், சாமி படம், மனைவியின் கடிதம் ஆகியவற்றைச் சுத்தம் செய்து, துணிப்பையில் போட்டு வாயைத் தைத்து, பெயரெழுதி ஊருக்கு அனுப்ப வேண்டும். துவைப்பது லான்ஸ் நாயக் மஸ்தான், மேல்விஷாரத்துக்காரன். தைப்பதும் எழுதுவதும் நான். என் மேஜையில் ஒருத்தன் சாமான் இன்னொருத்தன் பையில் விழுந்ததே இல்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

மத்தியானம் தம்பி ஏகாம்பரம் வந்தான். பாலம் போடவும் கண்ணிவெடி எடுக்கவும் போகிற மதராசிக் கம்பெனியில் இருக்கிறான். நாளை மேலே போகிறார்களாம். கூட்டாளி பொன்னுரங்கத்தையும் இழுத்து வந்திருந்தான்.

"இன்னாடா, ஒழுங்கா சாப்புடுறியா?"

"சப்பாத்தியா போட்டுக் கொல்றாங்கண்ணா. இவன் கீறானே, இவன் பங்கையும் என் தலையில கட்டிடுறான்."

பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே நின்றான். எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி எல்லம்மாவுக்கு ஒரு கடிதாசி எழுதித் தரச் சொன்னான். மாட்டைப் பற்றி நாலு வரி, தன்னைப் பற்றி ஒரு வரி. முடித்ததும் கட்டைவிரலை மையில் தோய்த்துப் பெரிதாக அழுத்தினான்.

"அவளுக்கும் எழுத்து தெரியாதுண்ணா. ஆனா என் ரேக தெரியும். ரேகய பாத்தாத்தான் நான் உயிரோட கீறேன்னு நம்புவா."

அவன் இடுப்பில் சிவப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. படவேட்டம்மன் கோயிலில் சின்ன வயதில் கட்டியதாம். அப்போது கடித்து வைத்த பல்லடையாளமாம் அது. அதற்கு ஒரு கதையும் இருக்கிறது. கண்ணிவெடி தேடிப் போகும்போது முதல் ஆள் கம்பியால் மண்ணைக் குத்திக்கொண்டே போவான். பின்னால் வருகிறவர்கள் அவன் கால் வைத்த இடத்தில்தான் கால் வைப்பார்கள். முதல் ஆள் தினமும் மாறுவான். அன்றைக்கு யார் முதல் ஆளோ, அவன் இடுப்பில் பொன்னுரங்கம் தன் தாயத்தை அவிழ்த்துக் கட்டிவிடுவான்.

"அத கட்டிக்கினு முன்னால போனவன் ஒருத்தன்கூட இன்னும் சாவலண்ணா," என்றான் ஏகாம்பரம்.

மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்தேன். தம்பி லாரி ஏறும்போது, உன் முறை வந்தால் மறக்காமல் கட்டிக்கொள் என்றும் சொன்னேன்.

கேன்டீனில் கிடைத்த சிவப்பு சோப்பை அம்மா செய்வதுபோல நூல் கொடுத்து இரண்டாக அறுத்து, அவனுக்குப் பாதி கொடுத்தேன்.

மார்ச் 29

ஜப்பான்காரன் மலைப்பாதையை மறித்துவிட்டானாம். சாக்குகள் வந்தபடி இருக்கின்றன. அரிசியில் மண்ணெண்ணெய் வாடை.

ஏப்ரல் 6

ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, கறை உறைந்துவிடும். பச்சைத் தண்ணீரும் உப்பும்தான். அதிலும் போகாத துணியை எரித்துவிடுவோம். செத்தவன் வேறொரு பெண்ணுக்கு எழுதிய காகிதம், பாதி தின்ற பிஸ்கட், தேய்ந்த சோப்பு, உடைந்த கண்ணாடி எதையும் அனுப்புவதில்லை. வீட்டார் மனம் நோகக்கூடாது என்பது கேப்டன் ஹாலமின் உத்தரவு. நல்ல மனுஷர். மேஜை பக்கம் வரும்போது மட்டும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார்.

ஏகாம்பரத்திடமிருந்து தகவல் இல்லை. அவன் மனைவி தேசம்மா எனக்கு எழுதியிருக்கிறாள். ஆறாம் மாதமாம், புளிச்சகீரைமேல் ஆசையாம். 'அவரை எட்டவே நிற்கச் சொல்லுங்கள் மாமா' என்று முடித்திருக்கிறாள். யுத்தத்தில் எட்ட நிற்பது எப்படியோ தெரியவில்லை. சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 17

மதராசிக் கம்பெனியில் ஒரு கண்ணிவெடிக் கோஷ்டி திரும்பவில்லை. மூன்று பேர். அப்பாதுரை, பொன்னுரங்கம், ஏகாம்பரம்.

சாயந்திரம் வரை நாலு பை தைத்தேன்.

ஏப்ரல் 22

கோஷ்டி போன சாலையை நம் ஆட்கள் திரும்பப் பிடித்துவிட்டார்கள். இரண்டு உடல்கள் கிடைத்தன; வெயிலில் கிடந்ததால் அங்கேயே புதைத்துவிட்டார்கள். ஒன்று அப்பாதுரை, கழுத்தில் பெயர்த்தகடு இருந்தது. இன்னொன்றுக்குத் தகடு இல்லை, முகமும் இல்லை. மூன்றாவது ஆள் அகப்படவில்லை. சுற்றிலும் ஜப்பான் பூட்ஸ் தடம், பிடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஆக, பொன்னுரங்கம், ஏகாம்பரம் இரண்டு பேரில் ஒருவன் செத்துவிட்டான். ஒருவனைக் காணவில்லை. எவன் என்று மேலிருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. தகடு இல்லாத உடலிலிருந்து எடுத்த சாமான்கள் நாளை இங்கே வரும்.

ஏப்ரல் 23

சாக்கை மஸ்தானைத் தொடவிடாமல் நானே அவிழ்த்தேன். உள்ளே இருந்தவை: பல்லடையாளம் பதிந்த செப்புத் தாயத்து, இடுப்பிலிருந்து அறுத்த சிவப்புக் கயிற்றோடு. பல் போன சீப்பு. பீடிக்கட்டு. பாதி சிவப்பு சோப்பு, காகிதத்தில் சுற்றியது.

பாதி சோப்பு யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். எப்படியும் ஊருக்கு அனுப்புகிற பொருளல்ல. எடுத்து ஓரமாக வைத்தேன்.

கேப்டன் வந்தார். நீயும் அவர்கள் ஜில்லாக்காரன், உன் தம்பியும் அந்தக் கோஷ்டியில் இருந்தான், இந்தச் சாமான்களில் எதையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார். இந்தத் தாயத்து பொன்னுரங்கத்துடையது சார் என்றேன். நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன். அப்படியானால் உன் தம்பி உயிரோடிருக்க வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தாயத்து பொன்னுரங்கத்துடையதுதானே. நான் பொய் சொல்லவில்லை.

மஸ்தான் சோப்பைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெட்டு கண்ணாடி மாரி நேரா கீது சாப். கத்தியில வெட்டுனா இப்பிடி வராது."

வேலையைப் பார் என்றேன்.

ஏப்ரல் 24

பொன்னுரங்கம் வீட்டுக்கு, இறந்துவிட்டதாகத் தந்தி போனது. நம் வீட்டுக்கு, காணவில்லை என்று.

ஏப்ரல் 26

எல்லம்மாவுக்குப் போகும் பையைத் தைத்தேன். உள்ளே தாயத்தும் சீப்பும் மட்டும். பை தொளதொளவென்று காலியாக இருந்தது. சின்னப் பையாகத் தைத்திருக்கலாம்.

யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் சாதியில் அறுத்துக்கட்டுவது உண்டு. புருஷன் போனால் தாலியை அறுத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வேறொருவன் கட்டலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் அது கிடையாது. தேசம்மாவுக்குப் பத்தொன்பது வயது. வயிற்றில் பிள்ளை. இந்தச் சமயத்தில் அவளை மூலையில் உட்கார வைத்து வளையலை உடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிரசவம் முடியட்டும். அதற்குள் ஏதாவது நிச்சயமாகத் தெரியவரும்.

தூக்கம் வரவில்லை, கொசு.

மே 14

தேசம்மா கடிதம். மறுபடி மறுபடி படித்தேன். 'காணவில்லை என்றால் உயிரோடு இருக்கிறார் என்றுதானே மாமா அர்த்தம்? பிணம் கிடைத்தால் தந்தியில் சொல்லியிருப்பார்களே. அத்தை தினமும் அழுகிறார்கள், நான் அழவில்லை. வளைகாப்பு வேண்டாம் என்றார்கள். நான்தான் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டேன். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், முழங்கை வரைக்கும்.'

அர்த்தம் அதுதான் என்று எழுதினேன்.

மஸ்தானிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

ஜூன் 8

மழை, அட்டை, மழை. சாக்குகளில் புழு. மஸ்தான் பீடிப் புகையை ஊதிக்கொண்டே அவிழ்க்கிறான். எனக்குச் சோப்பு தீர்ந்துவிட்டது. கேன்டீனில் இல்லை. உப்புத்தண்ணீரில் குளிக்கிறேன்.

ஜூன் 9

மஸ்தான் கேட்டான். "பொட்டியில ரெண்டு பாதி சோப்பு கீதே சாப், ஏன் உப்புல குளிக்கிறீங்க?"

என் பெட்டியை எதற்குத் திறந்தாய் என்று கத்தினேன். ஊசி தேடினானாம். "ரெண்டையும் சேத்து வெச்சி பாத்தேன் சாப். கோடே தெரியல," என்றான். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னான். அதனால்தான் அவனை அடிக்கவில்லை.

ஜூலை 11

ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம். அப்பா பெயரையே வைத்து, அவர் வரும்வரை சின்ன ஏகா என்று கூப்பிடப்போகிறார்களாம்.

கேன்டீனில் ஜிலேபி வாங்கி மஸ்தானுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

"கொழந்த நல்லபடியா பொறந்துடுச்சி. இப்ப சொல்லிடலாமே சாப்."

"என்னத்தை?"

"அந்தப் பொன்னுரங்கம் பொண்டாட்டி ஒண்ணு கீதே. அது இன்னா பண்ணுச்சோ."

தாயத்தை முதல் ஆளுக்குக் கட்டும் வழக்கத்தை அவனிடம் நான் சொன்னதில்லை. கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம்தானே, எவனாவது சொல்லியிருப்பான். கேப்டனுக்கு மட்டும்தான் தெரியாது. பச்சை உடம்புக்காரி, ஒரு மாதம் போகட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 13

ஒரு மாதம் ஆகிவிட்டது. நாளை கேப்டனிடம் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 14

கேப்டனுக்கு மலேரியா.

ஆகஸ்ட் 21

கேப்டன் தேறிவிட்டார். கொட்டகைக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம்.

செப்டம்பர் 2

பொன்னுரங்கம் உயிரோடிருக்கிறான்.

ஜப்பான்காரர்கள் பிடித்துப்போய் மூட்டை தூக்க வைத்திருக்கிறார்கள். பின்வாங்கும்போது, காலில் புண் அழுகி நடக்கமாட்டாமல் கிடந்தவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மலைக்கிராமத்தில் யாரோ கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார்களாம். இப்போது இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

கேப்டன் என்னைக் கூப்பிட்டார். அப்படியானால் புதைத்தது உன் தம்பியைத்தான், வருந்துகிறேன் என்றார். தாயத்து எப்படி அவனிடம் போனது என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். உனக்கு அப்போது இது தெரியாது அல்லவா என்றார். கேள்வி மாதிரி கேட்கவில்லை, எனக்குப் பதிலாக அவரே சொல்லிக்கொண்டார். நான் நேராக நின்றேன்.

இரண்டு தந்திகள் போயின. ஒன்று எல்லம்மாவுக்கு, ஒன்று தேசம்மாவுக்கு.

செப்டம்பர் 4

தம்பிக்குப் பை தைக்க வேண்டும். அனுப்ப என்ன இருக்கிறது? சீப்பும் எல்லம்மாவுக்குப் போய்விட்டது. விதியை மீறி, அந்தப் பாதி சோப்பை வைத்துத் தைத்தேன். அவன் பாதி எது, என் பாதி எது என்று தெரியவில்லை. ஒன்றை வைத்தேன்.

செப்டம்பர் 10

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமலிருக்க எவ்வளவோ காரணம் தேடினேன். பொன்னுரங்கம் பாதி ஆளாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து அழுதான்.

"அன்னிக்கு முன்னால போவ வேண்டியது நான்தான்ணா. எனக்குக் காய்ச்சல், கை ஒதறுது. ஏகாம்பரம் கம்பிய புடுங்கிக்கினான். 'நீ கடைசில வாடா'ன்னான். தாயத்த கட்டிவுட்டேன். 'அண்ணன் மறக்காம கட்டிக்கச் சொல்லிச்சி'ன்னு சிரிச்சிக்கினே போனான்ணா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனும் என் கையை விடவில்லை. அவன் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் செத்துட்டேன்னு வூட்டுக்குத் தந்தி போச்சாமே. எல்லம்மா பாவம். இப்ப மறுதந்தி கெடச்சிருக்கும் இல்லண்ணா?"

கிடைத்திருக்கும் என்றேன்.

செப்டம்பர் 25

தேசம்மா எழுதவில்லை. அம்மா யாரையோ விட்டு எழுதியிருக்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டதாம். வளையலை உடைக்கும்போது குழந்தையை மடியிலிருந்து இறக்கமாட்டேன் என்று தேசம்மா பிடிவாதம் பிடித்தாளாம். கண்ணாடித் தூள் குழந்தை மேல் படாமல் ஒருத்தி முந்தானையை விரித்துப் பிடித்தாளாம். 'அஞ்சு மாசமா இல்லாதவருக்குப் பொட்டு வைத்துக்கொண்டு சிரித்தேனா' என்று மட்டும் கேட்டாளாம்.

அவளுக்கு நான் கொடுத்தது இதுதான்.

அக்டோபர் 8

பொன்னுரங்கம் கட்டையை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் மடித்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் தமிழ் படிக்கிற ஆள் இருந்தும், அண்ணன்தான் படிக்க வேண்டும் என்று காத்திருந்தானாம். மஸ்தான் பெட்டியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தான்.

எல்லம்மாவின் அண்ணன் எழுதச் சொன்ன கடிதம். முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மாற்றிப் படிக்கலாம், அவனுக்குத் தெரியாது. எல்லோரும் சுகம் என்று படித்து மடித்துக் கொடுத்துவிடலாம். வாய்வரை வந்தது. அப்படிச் செய்யவில்லை, எழுதியிருந்தபடியே படித்தேன்.

'மாப்பிள்ளைக்கு. உன் சாமான் பை சித்திரையிலேயே வந்தது. தாயத்தைப் பார்த்தபிறகு தந்தியில் சந்தேகம் இல்லாமல் போயிற்று. பாலாற்றங்கரையில் காரியம் செய்து தாலியை அறுத்தோம். தாயத்தையும் ஆற்றிலேயே விட்டோம். வீட்டில் கஞ்சிக்கே கஷ்டம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பேரணாம்பட்டில் பெண்டாட்டி இல்லாத ஒருத்தருக்கு எல்லம்மாவைக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர். பத்து நாள் கழித்து நீ உயிரோடு இருப்பதாகத் தந்தி வருகிறது. எல்லம்மா சோறு தின்னவில்லை. அந்தத் தந்தி நிஜமா என்று கேட்கிறாள். பஞ்சாயத்தில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். தந்தி நிஜமானால் உன் ரேகை வைத்து ஒரு கடிதம் போடு. அவள் அதைத்தான் நம்புவாள்.'

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் கடிதத்தை வாங்கி, எழுத்து தெரிந்தவன் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான்.

"தாயத்து வந்துச்சின்னா மட்டும் நான்தான்னு எப்பிடிண்ணா முடிவு பண்ணாங்க? முன்னால போறவனுக்குக் கட்டுவோம்னு எல்லாருக்கும் தெரியுமே. யாரு சொன்னது நான்தான்னு?"

"நான்."

"உனக்குத்தான் நல்லா தெரியுமே. அன்னிக்கி உன் எதுர்லதான சொன்னோம்."

"தெரியும்."

"தெரிஞ்சியா சொன்ன?"

"ஆமாம்பா. தெரிஞ்சுதான் சொன்னேன்."

மஸ்தான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பொன்னுரங்கம் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். கட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"ஆவணியில," என்றான். "அதுக்கு முன்னால எத்தினி நாளு இருந்துச்சி உனக்கு."

மேஜையில் கிடந்த ஊசியை எடுத்து நூல்கண்டில் குத்தி வைத்தேன்.

கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எழுதுண்ணா," என்றான். காகிதம் எடுத்தேன்.

"ரெண்டாவதா வந்த தந்தி தப்பு. அது வேற ஒரு பொன்னுரங்கம், வேற ஊருக்காரன். எங்க கம்பெனி பொன்னுரங்கம் செத்தது நெசம். பொதச்ச எடத்த நான் பாத்தேன். எல்லம்மா சோறு துன்னணும்."

"பொன்னுரங்கம், நீ ஊருக்குப் போனால்..."

"நான் எங்கண்ணா ஊருக்குப் போறது? ஒத்தக் காலோட அவ முன்னால போயி நின்னா, அவ எந்த வூட்டுல சோறு துன்னுவா? கோலார் பக்கம் எங்கனா போயி பொழச்சிக்கிறேன். நீ எழுது. மொதல்லயும் நீதான எழுதுன."

எழுதினேன். இத்தனை நாள் எழுதியதில் எதுவும் இவ்வளவு அழகாக வந்ததில்லை. பழக்கத்தில் மைப்புட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினேன்.

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"செத்தவனுக்கு ஏதுண்ணா ரேக? உன் கையெழுத்தப் போடு," என்றான்.

போட்டேன்.